கடைசி ஆளாக இறங்கியவருக்கு

இன்று காலை காப்பிக்கு நாட்டுச் சர்க்கரை டப்பாவைச் சாய்த்தேன். விடாத மழையில் அடியில் ஈரம் கசிந்திருக்கிறது. மேலே காய்ந்து கிடந்த சர்க்கரை ஒரே பாளமாகப் பெயர்ந்து மேடையில் விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பனியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் இந்தச் சர்க்கரையை வைத்துத்தான். சிங்காநல்லூரில் மோட்டார் பட்டறை நடத்துகிற மனிதர் பங்குனி பிறந்தால் காஷ்மீருக்குப் பனியில் சறுக்கப் போவதை நம் சொந்தத்தில் பாதிப் பேர் நம்பவே இல்லை. "விடியக்காலம் கண்ணாடியாட்ட இறுகிக் கெடக்கும் அம்மணி. வெயில் ஏறுனா மேலாக நாட்டுச் சக்கரையாட்ட இளகும், அப்பத்தான் சறுக்கோணும். உச்சிப் பொழுதுக்கு மேல தண்ணி அடிக்கு எறங்கிப்போடும். அப்பறம் அந்தப் பக்கமே போகக் கூடாது" என்பீர்கள்.

அத்தனையும் தெரிந்த ஆள்தானே நீங்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசி முறை என்னையும் கூட்டிப் போனீர்கள். கைதேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்த சரிவுக்குக் கீழே, டீக்கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் இறங்கி முடித்த பிறகுதான் அடுத்தவர் கிளம்ப வேண்டும். வழிகாட்டி முதலில் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் பயந்து வெகுநேரம் நின்றார், இன்னொருவர் பாதியில் விழுந்து எழுந்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. உங்கள் நீலச் சட்டை மட்டும் மேலேயே நின்றது. பந்தியிலும் பஸ்ஸிலும் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு நிற்பீர்களே, அதே நிற்பு.

நீங்கள் கிளம்பியபோது உச்சிப் பொழுது சாய்ந்துவிட்டது. பாதி தூரம்கூட வரவில்லை. உங்களுக்கு மேலே சரிவில் இருந்த பனி ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. தோண்டி எடுத்தபோது உங்கள் கை சில்லிட்டிருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன், சூடு வரவில்லை.

உங்களோடு வந்த வடநாட்டுப் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, மேலே நீங்கள் கைகாட்டிச் சொன்னதை அர்த்தம் தெரியாமலே திருப்பிச் சொன்னாள். "நீங்க போங்க. நீங்க போங்க." அந்த மலையில் நம் ஊர் மரியாதையை யார் கேட்டார்கள்? உங்கள் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நேற்று ஆர்.எஸ்.புரத்தில் பஸ் ஏறும்போது நம் மகள் படிக்கட்டோரம் ஒதுங்கி எல்லோருக்கும் வழி விட்டாள். "நீங்க போங்க, நா வாரேன்" என்றது உங்கள் குரலேதான். அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"வயசானவிய போகட்டுங்கம்மா" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உங்களிடம் சொல்லக் கிடைக்காததை அவளிடம் சொன்னேன். "மொதல்ல நீ போ, கண்ணு."