கேன் மூடியின் ரப்பர் வளையம்

செவ்வாய், இரவு. பண்டாரவளையில் மழை.

கண்ணை மூடினால் அந்த வழுவழுப்புதான் தெரிகிறது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் பால் கேனின் மூடியில், ரப்பர் வளையத்துக்கு அடியில் படிந்திருந்தது. எங்கள் சென்டர் லேபில் அதிலிருந்த இரண்டு வகைக் கிருமிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் குளோரின் விட்டேன். இரண்டும் செத்தன. சேர்ந்திருந்தபோது சாகவில்லை. ஒன்று சுரக்கும் பசைக்குள் மற்றதும் ஒண்டிக்கொள்கிறது.

நாலு வீட்டுப் பாலும் அந்த ஒரே கேனில்தான் வருகிறது. “கேனைக் கழுவினது யாருன்னு கேட்டுட்டு வாங்க, அந்த வீட்டுப் பாலை நிறுத்திருவோம்” என்றார் எங்கள் பால் சென்டர் மேனேஜர்.

மாலையில் லயத்துக்குப் போய்க் கேட்டேன்.

“நான்தாங்க கழுவினேன்” என்றார் சரோஜா அக்கா.

“அவ இல்லைங்க மிஸ், நான்தான்” என்று அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து பிலோமினா அக்கா வந்தார். மற்ற இரண்டு கதவுகளும் திறந்தன.

தூக்கம் வருகிறது. அந்தப் பசைக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்கள் தெரிகின்றன. உள்ளே விளக்கு எரிகிறது. யாரோ பக்கத்து அடுப்புக்கு நெருப்பு கொடுக்கிறார்கள்.

வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று அவர்களுக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நாளைக்கு மேனேஜர் பெயர் கேட்பார்.

“நான்தாங்க சார்” என்று சொன்னால் என்ன.