காருக்கு மட்டும் உறை

அம்மா, இருமல் இல்லை. போனில் நீ கேட்டது வெறும் தொண்டைக் கமறல். உன் முழங்கால் தேவலையா?

புழுதிப்புயலைக் கணிப்பதுதானே இங்கே என் வேலை. இன்று மதியம் வரும் என்று காலையிலேயே சொன்னேன். மேலாளர் எச்சரிக்கையை வெளியே விடவில்லை. "சும்மா பயமுறுத்தாதம்மா, லேசா காத்தடிக்கும்" என்றார். எதிரே அவர் மைத்துனர் கட்டும் கட்டடத்தில் வேலை நிற்கக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தன் காருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

கீழே போய், சாரத்தில் நின்றவர்களை இறங்கச் சொன்னேன். "ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையே?" என்று மேஸ்திரி முறைத்தார்.

"எங்க மேனேஜர் காரைப் பாருங்கண்ணே."

புயல் வந்தபோது சாரம் காலியாக இருந்தது.

மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மேலாளர் கூப்பிடுகிறார். அந்தக் காரை உறையோடு படமெடுத்து வைத்துக்கொண்டு, அவர் அறைக்குப் போகிறேன்.