பிலிம் டப்பாவில் போன மாப்பிள்ளை

சம்பந்தி,

பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி நேற்று ஒரு கறுப்பு பிலிம் டப்பாவை எடுத்து நீட்டினாள். "கேமராவே போயிடுச்சு, இது எதுக்குங்க? தூக்கிப் போட்டுடட்டா?" பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்தால் அதே வாசனை. பழுத்த பலாவும் மழையில் நனைந்த சாக்கும் சேர்ந்த மாதிரி. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்து உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். போய்ச் சேர்ந்தவனைத் திட்டக்கூடாதுதான். என்னால் முடியவில்லை.

உனக்கு ஒரே மகன், எனக்கும் ஒரே மகன். நாம் எந்தக் காலத்திலும் சம்பந்தியாக வழியில்லை. மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாற்றியது அந்தக் கொடி. நீ பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், நான் கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு புதர் புதராகத் திரிந்தோம். செம்மங்குப்பத்தில் ஓர் ஆலை மதிலுக்குப் பின்னால், முள் புதருக்குள் அதை முதலில் பார்த்தது நீதான். மெழுகில் செய்ததுபோல வெளிறிய மஞ்சள் பூ, பழுத்த பலாவும் நனைந்த சாக்கும் கலந்த வாசனை. படத்தைப் பார்த்த பேராசிரியர் ஒருவர், இந்தக் கரையோரத்தில் அற்றுப்போய்விட்டதாக நினைத்த செடி என்றார். ஆண் ஒரு கொடி, பெண் ஒரு கொடியாகத் தனித்தனியே வளருமாம். நாம் பார்த்தது ஆண்.

அதற்குப் பெண் தேடி வருஷக்கணக்கில் அலைந்தோம். சிதம்பரம் பக்கத்தில் ஓர் ஐயனார் கோயில் காட்டில் அது கிடைத்தபோது, நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாய்: "சம்பந்தி, பொண்ணு பாத்தாச்சு. ஜாதகமெல்லாம் வாணாம். கல்யாணத்த எப்ப வச்சிக்கலாம்?"

தண்டை வெட்டி நட்டால் அழுகியது. பதியம் போட்டாலும் வேர் விடவில்லை. விதை ஒன்றுதான் வழி. பங்குனியில் விடியும்போது விரியும் பூ, வெயில் ஏறினால் வதங்கிவிடும். அதனால் விடிகாலையில் செம்மங்குப்பத்தில் மகரந்தத்தைத் தட்டி இந்த டப்பாவில் எடுத்து, ஈரம் படாமலிருக்கப் புது ஷூவோடு வரும் மணிப் பொட்டலத்தையும் உள்ளே போட்டு, சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்போம். நீ டப்பாவைப் பையில் வைக்கமாட்டாய், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வருவாய். "எதுனா பிரசாதமா சார்?" என்று ஒருநாள் கண்டக்டர் கேட்டார். "மாப்பிள்ள போறாருங்க. அவருக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

முதல் வருஷம் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் மழை கெடுத்தது. அதற்கடுத்த பங்குனியில், உன் ஓவிய பிரஷ்ஷால் நீ தடவிய பூக்களில் காய் நின்றது. உன் வீட்டுத் தோட்டத்து மணலில் கன்றுகள் முளைத்த அன்று நீ அழுதாய். நானும்தான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தாண்டா காப்பாத்துவாங்க" என்றாய். "தெரிஞ்சா புடுங்கிடுவாங்கடா" என்றேன். கோர்ட்டில் வேலை பார்ப்பவனுக்கு மனுஷன்மேல் நம்பிக்கையே வராது என்று கேலி செய்தாய். பள்ளி விழாவில் கன்றுகளையெல்லாம் மேடையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாய். போட்டோவுக்குச் சிரித்து வாங்கியவர்கள், கொளுத்தும் வெயிலில் அவற்றைக் காரிலேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்கும் நீ திருந்தவில்லை. பேப்பர்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்ணைக் காட்டினாய். ஊர்ப் பெயரோடு படம் வந்தது. மாப்பிள்ளை வீட்டை மட்டும் நீ சொல்லாமல் விட்டதற்குக் காரணம் ஆலை வாட்ச்மேன். கூட்டத்தோடு போனால் விரட்டுவான் என்று பயந்தாய்.

அந்தப் பூவால் சர்க்கரை வியாதி தீரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அடுத்த பங்குனியில் நாம் டப்பாவோடு ஐயனார் கோயில் காட்டில் போய் நின்றபோது, பெண் கொடி இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் வந்து எட்டிப்பார்த்தார். "நீங்க பேப்பர்ல போட்டீங்கல்ல சார், அதுலேர்ந்து கும்பல் ஜாஸ்தி. வேரு வரைக்கும் நோண்டி எடுத்துக்கினு போயிட்டாங்க. எங்க வூட்டுக்காரருகூட கஷாயம் வச்சிக் குடிச்சாரு. ஒண்ணும் கேக்கல."

திரும்பும் பஸ்ஸில் டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் திணித்தாய். வருஷம் திரும்புவதற்குள் உன் நெஞ்சு நின்றுபோனது. அதே பேப்பர் உன் படத்தைப் போட்டு, அரிய செடியைக் காப்பாற்றியவர் என்று எழுதியது. உன் மகன் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் உட்கார வேண்டியிருக்கிறது. நல்லவனாக இருந்தால் போதும், மற்றவர்களும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நம்பினாயே, அந்த நம்பிக்கைமேல்தான் எனக்குத் தீராத கோபம்.

இத்தனை வருஷமாக ஒரு டப்பாவில் வாசனை நிற்குமா என்று கேட்பாய். நிற்காது. இது இந்தப் பங்குனியின் வாசனை. போன டிசம்பரில் நீ பார்க்காத ஒரு புயல் வந்து நம் கடலூரையே புரட்டிப் போட்டது. மரங்கள் சாய்ந்து வெளிச்சம் விழுந்த ஓரிடத்தில் இன்னொரு பெண் கொடியைக் கண்டேன். மாப்பிள்ளையைத் தனியாகத்தான் அழைத்துக்கொண்டு போனேன். பிரஷ் உன்னுடையது. காய் நின்றிருக்கிறது. அதைப் பார்த்த அன்று சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லாமல், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். மனைவிக்குத் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியாது.

எந்த ஊர், எந்த பஸ், எங்கே இறங்கவேண்டும் என்று நீ இந்நேரம் துடித்துக்கொண்டிருப்பாய். உனக்கும் சொல்லமாட்டேன், சம்பந்தி. நீ நாலு பேரிடம் சொல்லிவிடுவாய்.