பாட்டு நின்ற இடத்தில்

மார்ச் 8, 1955

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு முழுவதும் ஒரே நொடியில் நின்றது. குழாயை மூடினதுபோல. மதியச் சாப்பாட்டுக்காக இஸ்திரி இயந்திரத்தை நிறுத்தியிருந்தேன், அதனால்தான் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பியானோ, டிரம்ஸ், மறுபடி அதே சிரிப்பு, அதே கைதட்டல், அதே இடத்தில் ஒரு பெண்ணின் கூச்சல்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு இந்த லாண்டரிக்கு வந்ததிலிருந்து, பக்கத்தில் யாரோ அடிக்கடி விருந்து வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மெம்பிஸில் என்னைத் தவிர எல்லோரையும் கூப்பிட்டு.

என்னோடு இஸ்திரி போடும் டோவியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி பைத்தியமே, அது விருந்து இல்லடி. பாட்டு பதியறாங்க. விருந்து மாதிரி கேக்கணும்னு ஆளுங்களக் கூட்டி வந்து கத்தச் சொல்றாங்க. போன வாரம் பதிஞ்சதத் திரும்பப் போட்டுக் கேக்கறாங்க இப்ப. கேட்டியே ஒரு கூச்சல், அத நான்தான் போட்டேன்."

மார்ச் 9

கத்துவதற்குக்கூட யாராவது கூப்பிட வேண்டும்.

மார்ச் 12, சனி

போனேன். டோவி இழுத்துக்கொண்டு போனாள் என்று எழுதலாம். ஆனால் அவள் இழுக்கும் முன்பே நான் ஏப்ரனைக் கழற்றியிருந்தேன்.

முன்பு ரேடியோ பழுது பார்த்த கடை. நடுவில் ஒரே ஒரு மைக். யாருக்கு எவ்வளவு சத்தமோ, அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும். டிரம்ஸ்காரர் கழிவறை வாசலில். கடைக்காரர் டாலிவர்தான் பதிகிறவர். டோவியை நடைவழிக்கே அனுப்பிவிட்டார். "நீ இங்க நின்னா பாட்டே வேணாம்மா, உன் கத்தலையே ரெக்கார்டு போட்டு வித்துடலாம்." என் பெயரைக் கேட்டார். சொன்னேன். காதில் விழாமல் மறுபடி கேட்டார். வெர்லீன் என்று மறுபடி சொன்னேன். "சரி, இந்தப் பொண்ணு மைக்குக்குக் கீழயே நிக்கட்டும்."

பாடியவர் கர்லி ஹாஸ்கின்ஸ். பியானோவை வாசிக்கவில்லை, அடித்தார். பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை: சனிக்கிழமை, ஆட்டம், வறுத்த மீன். நாங்கள் கைதட்டினோம். யாரோ சோடா பாட்டிலைக் கரண்டியால் தட்டினார். ஓர் இடத்தில் எல்லாமே நின்று, கர்லி மட்டும் தனியாக, "இப்ப என்னத்தச் சொல்ல" என்று இழுக்க வேண்டும். மற்றவர்கள் மூச்சுவிடக் கூடாது. முன்பே சொல்லியிருந்தார்கள்.

அந்த இடத்தில் நான் கத்தினேன். "சொல்லுங்க, போதகரே!"

எங்கிருந்து வந்தது? தெரியும் எங்கிருந்து. சபையில் போதகர் பிங்காம் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும்போதெல்லாம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது என் குரல் தனியாகக் கேட்காது. அதனால் அங்கே மட்டும் நான் பயமில்லாமல் கத்துவேன். இங்கே மற்ற எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள்.

கர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடி முடித்தார். நான் கதவைப் பார்த்தேன். மறுபடி பாடினார்கள், மறுபடியும். கடைசியில் டாலிவர், "அந்தப் பொண்ணு கத்துனது இருக்கே, அதுதான். மத்ததெல்லாம் செத்துக் கிடக்கு" என்றார்.

"எந்தச் சபை, தங்கச்சி?" என்று கேட்டார் கர்லி. நான் மறுபடி கதவைப் பார்த்தேன். "சொல்ல வேணாம். நானும் அங்கேருந்து வந்தவன்தான்."

மார்ச் 13, ஞாயிறு

போதகர் மூச்சு வாங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 20

டோவி டெட்ராய்ட் போய்விட்டாள். கார் தொழிற்சாலையில் அவள் அண்ணன் இடம் பிடித்து வைத்திருக்கிறானாம். "நீயும் வாயேன்டி" என்றாள், பெட்டியைக் கட்டிக்கொண்டே. சும்மா சொன்னாள். அவள் இயந்திரத்தில் இன்னும் யாரையும் போடவில்லை.

மே 21

முடிவெட்டும் கடை ரேடியோவில் நான்.

வாசலில் நின்றேன். அந்த இடம் வந்ததும் உள்ளே இருந்த ஆண்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள், "சொல்லுங்க, போதகரே!" ஒருவர் சவர நுரையோடு எழுந்து ஆடினார். "யாருடா அந்தப் பொண்ணு, உசுர வாங்குறா" என்றார்.

நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன்.

அந்த ரெக்கார்டுக்குள் விருந்து நடந்துகொண்டே இருக்கிறது. நானும் அங்கே இருக்கிறேன். பிறகு வீட்டுக்கு நடந்து போனதும் நான்தான்.

மே 30

தெரிந்துவிட்டது. சபையில் யாரோ என்னை வளர்க்கும் அத்தையிடம் சொல்ல, அத்தை போய்க் கேட்டிருக்கிறாள். சபைக்கு வெளியே பாடும் ஊர்ப் பாட்டு காதில் படக்கூடாது என்று தெருவை மாறிப் போகிறவள்.

"உங்கம்மா குரல்டி அது. செத்துப்போனவ குரல் எனக்குத் தெரியாதா? தேவனுக்குச் சொல்ற வார்த்தையக் கொண்டுபோய்ச் சாராயப் பாட்டுல ஊத்திட்டியே." பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கிழமை சபை முன்னால கூப்பிட்டுக் கேப்பாங்க. அது நான் இல்லன்னு சொல்லிடு. இல்லன்னா பாவம் பண்ணேன்னு மன்னிப்புக் கேளு. ரெண்டும் முடியாதுன்னா பின்பெஞ்சுதான்."

பின்பெஞ்சில் இருப்பவர்கள் பாடக்கூடாது, கைதட்டக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. யாரும் பேச மாட்டார்கள். சபையும் போனால் எனக்கு வேறு யார்? அத்தை. அவளும் பேசுவாளா?

ஜூன் 4

இல்லை என்பது பொய். பாவம் என்றாலும் பொய்தானே? அந்த அறையில் யார் என்ன கெட்டது செய்தார்கள்? என் பெயரைக் கேட்டார்கள். காதில் விழாதபோது மறுபடியும் கேட்டார்கள்.

ஜூன் 5, ஞாயிறு

பிரசங்கம் முடிந்ததும் கூப்பிட்டார்கள். போதகர் கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அது நம்ம புள்ள குரலா இருக்காதுன்னுதான் நான் சொல்லிட்டு இருக்கேன். நீயே சொல்லும்மா" என்றார்.

எழுந்து நின்றேன்.

"என் குரல்தான்" என்றேன்.

காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள், மிச்சத்தை நான் சொல்வேன் என்று. கைவிசிறிகள் நின்றுவிட்டன. அத்தை தன் வெள்ளைக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்காமல் பின்பெஞ்சுக்கு நடந்தேன்.

நடைவழி இவ்வளவு நீளம் என்று தெரியாது.

பின்பெஞ்சில் மிஸ் அல்ட்டா இருந்தார். வீட்டில் பாட்டுப் போட்டு ஆட்டம் வைத்ததற்காக ஈஸ்டரிலிருந்து அங்கே தனியாக இருக்கிறவர். பக்கத்தில் பெஞ்சின்மேல் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பாமல், "இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் நீ, அந்தப் 'போதகரே'ய" என்றார்.

உட்கார்ந்தேன்.