நான் குருடாக்கிய மொழிபெயர்ப்பாளர்

மார்ச் 4
இன்று எடை பார்த்தேன். எந்திரம் பழுது என்று முடிவு செய்துவிட்டேன்.

மாலையில் அக்கா வீடு. ஜன்னலோரம் மறைநூலை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறாள். கண் அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. ஏன் என்றேன்.

“நாப்பது நாள் மருந்தைத் தொடாம படிக்கிறேன்டா. இன்னிக்கு ஒம்பதாவது நாள். இதை மொழிபெயர்த்தவர் அப்படித்தானே செஞ்சார்? கடைசி வரியை முடிச்சதும் பார்வை திரும்பிச்சே!”

அந்தக் கதையை எழுதியவன் நான்.

மார்ச் 5
வாரம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இன்று ஒரு வரி வரவில்லை. இதையாவது எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் முன்பு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஓர் அச்சுத் தாளை மடித்தால் பதினாறு பக்கம். மறைநூலின் கடைசித் தாளில் இரண்டு பக்கம் காலி. “வெத்தா விடாதே, மொழிபெயர்த்தவரைப் பத்தி ஏதாவது போட்டு ரொப்பு” என்றார் முதலாளி. மொழிபெயர்ப்பு நடந்தபோது எழுதிய பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். மொழிபெயர்த்தது நாலு பேர், பதினோரு வருடம். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. சீட்டு எழுதி மேஜைமேல் தள்ளிக்கொண்டார்கள். இதை எவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு படிப்பான்? நாலு பேரையும் ஒருவராக்கினேன். மருந்தை மறுக்க வைத்தேன், குருடாக்கினேன், நாற்பதாம் நாள் கண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

மார்ச் 7
கண் டாக்டரிடம் தனியாகப் போனேன். “எத்தனை நாளா மருந்து விடல?” பன்னிரண்டு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “போன பார்வை போனதுதான் சார். மிச்சத்தைத்தான் மருந்து காப்பாத்தும்.”

மிச்சம் எவ்வளவு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 8
அக்காவிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “உன் வாயில என்னிக்குடா உண்மை வந்திருக்கு? போ, போய்ப் பத்திரிகைக்கு எழுது.”

ஊரைச் சிரிக்க வைத்த பாவம்.

மார்ச் 10
அச்சக முதலாளியிடம் என் கையெழுத்துப் படியைக் கேட்டேன். முகம் வெளிறிவிட்டது. “பதினாலு பதிப்பு போயிருச்சுய்யா. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் தோலையும் உரிச்சிருவாங்க.” எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “நான் டீ குடிச்சிட்டு வரேன். பீரோ தொறந்துதான் இருக்கு.”

மார்ச் 11
காகிதம் சட்டைப்பையில். காட்டவில்லை. அக்கா தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேஜையில் ஓடியது — அவளுக்குத் தெரியவில்லை. பார்த்தும் சும்மா வந்துவிட்டேன். எதற்குப் பயப்படுகிறேன்? அவள் கண்ணுக்கா, என் மானத்துக்கா? மானத்துக்குத்தான். சீ.

மார்ச் 12
காட்டினேன். வலது கண்ணோடு ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் கோழிக் கிறுக்கல் உன்னோடதுதான்.”

“ஆமாக்கா.”

“நாப்பது நாளு?”

“நான்தான்.”

“கண்ணு திரும்பினது?”

“அதுவும் நான்தான்க்கா.”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருந்து அலமாரியிலேயே இருந்தது.

மார்ச் 13
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 14
என் மனைவி அக்காவுக்குப் போன் செய்தாள். “அண்ணி, மருந்து மட்டும் போட்டுக்கங்க —” வைத்துவிட்டாளாம். மருந்து விடாமல் இன்றோடு பத்தொன்பது நாள்.

மார்ச் 15
அக்காவே கூப்பிட்டாள். “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

மார்ச் 29
இடது கண்ணில் பாதி போய்விட்டது, திரும்பாது. வலது கண் தப்பியது. இந்த வரியை எழுத மூன்று முறை பேனாவை எடுத்து வைத்தேன்.

அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்து, “போடுடா” என்றாள். முதல் சொட்டு குறி தவறிக் கன்னத்தில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“அந்த நாலு பேர் யாரு?”

தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில், அதில் ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர் என்றேன்.

“பொம்பளையா! அவ பேரு?”

“குறிப்பேட்டுல டீச்சர்னு மட்டும்தான் இருந்துச்சு.”

கண்ணை மூடிக்கொண்டே விரலை ஆட்டினாள்.

“நீயா ஒரு பேரு வெச்சுடாதே.”