பாதித் தண்ணீர்

இன்று காலை பள்ளத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே நான்கைந்து கப்பி மீன்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நீ இருந்திருந்தால், "பையோட தொட்டியில மிதக்க விடுங்க, உடனே கொட்டிராதீக" என்று சொல்லாமல் இறங்கியிருக்க மாட்டாய். மீனைப் பற்றி வாய் திறக்க எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

காரைக்குடியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் நீ. ஜன்னலுக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை சிலிக்கான் வைத்து ஒட்டி, உன் வீட்டு முன்னறைக்கென்று ஒரு சின்னத் தொட்டி செய்தாய். அடியில் ஊருணி மண், அதன்மேல் கழுவிய மணல், மணலில் நீர்ச்செடிகள். செடி வேர் பிடிக்கும்வரை ஒரு மீன்கூட விடவில்லை. நான் கேலி செய்தபோது, "மீனு விருந்தாளிடா. வீடு கட்டி முடிக்காம விருந்தாளியக் கூப்பிடுவியா?" என்றாய். உதவி செய்கிறேன் என்று நான் ஒரு கல்லைத் தொட்டிக்கு நடுவில் வைத்தேன். "உங்க பேப்பர்ல தலைப்புப் போடுற மாதிரி நடுவுல வைக்காத. ஒதுக்கி வையி."

வாரம் ஒருமுறை ரப்பர் குழாயால் பாதித் தண்ணீரை இறக்குவாய். குளோரின் அடங்கட்டும் என்று முதல் நாளே வாளியில் பிடித்து வைத்ததை மெதுவாக ஊற்றுவாய். முழுதாக மாற்றினால் என்ன என்று கேட்டேன். "பழைய தண்ணிதான் புதுத் தண்ணிக்கு வீட்டச் சுத்திக் காட்டும்."

போன கார்த்திகையில் கடையிலேயே மயங்கி விழுந்த நீ, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தோள் மாற்ற வேண்டியவர்களில் நானும் ஒருவன். துண்டை மறந்துவிட்டேன் என்று உள்ளே வந்தேன். அப்போது உன் அக்கா அங்கிருந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டுல இருக்க தண்ணி எல்லாத்தையும் கொட்டுங்கடி. குடம், அண்டா, எதுவும் மிஞ்சக் கூடாது." சாவு விழுந்த வீட்டில் அதுதான் வழக்கம். நீ பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரும் அதற்குள் போய்விட்டிருந்தது. அடுத்து தொட்டியிடம் வந்தார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த உன் மனைவி என்னைப் பார்த்தாள். "அண்ணே, அது அவுக வளத்தது. அது ஒண்ணாவது இருக்கட்டும்ணே."

நான் உன் அக்காவிடம் போனேன். "தெருவுல ஒரு சாவு விழுந்தா ஊருணிய இறைக்கிறமாக்கா?"

"ஊருணி என்ன வீட்டுக்குள்ளயா இருக்கு?" என்றார் அவர். "ஆம்பளைக எல்லாம் அங்குட்டுப் போயிட்டாக. நீங்க மீனுக்குக் காவலா?"

உன் அக்கா குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "பாதியாச்சும் கொட்டுங்க. மீதிய நான் பாக்கலன்னு வச்சுக்கிறேன்."

குழாயை எடுத்தேன். தெருமுனையில் சங்குச் சத்தம் திரும்பியது கேட்டது. முடித்துவிட்டு என் வண்டியில் போய் ஊர்வலத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எதிர்வீட்டு பாய் வீட்டில் முந்தின நாள் பிடித்த தண்ணீர் இருந்தது. வாளி வாளியாகக் கேட்டு வாங்கி வந்து, மணல் கலையாமல் தட்டு வைத்து ஊற்றினேன். ஒரு செடி பெயர்ந்து மிதந்தது. அதை மணலில் அழுத்தி நட்டு, "இப்பச் சரியா இருக்கா பாரு" என்று திரும்பினேன். பின்னால் கழுவிவிட்ட தரை மட்டும்தான் இருந்தது.

உன் மகன் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, "எங்க மாமா போனீக? உங்களத் தேடுனோம்" என்றான்.

மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் தண்ணீர் மாற்றுகிறேன். வந்திருந்தால் உன் அக்காவே வாளி எடுத்துக் கொடுக்கிறார். "நீங்க இல்லாட்டி இது போயிருக்கும்ணே" என்று உன் மனைவி சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. மீனுக்காகத்தான் நான் நின்றேன் என்று அவள் நம்புகிறாள். தண்ணீரை இறக்கி முடிக்கும்வரை அது உண்மை. புதுத் தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றியிருந்தாலும் எதுவும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். வண்டி வாசலில் நின்றது. நான் அவசரப்படவில்லை. அந்த அறையில் நீ இன்னும் சாகாமல் இருந்தாய். சுடுகாட்டுக்கு வந்திருந்தால் செத்திருப்பாய்.

இத்தனை வருடம் நிருபராக ஊரார் சாவுகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியவன், உன்னுடையதை மட்டும் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, செடியை வெட்டிவிட்டு நிமிரும்போதெல்லாம், பின்னாலிருந்து நீ குறை சொல்வாய் என்று காது கொஞ்ச நேரம் காத்திருக்கிறது.