பீச் கொப்ளரும் எனக்கு வந்த காய்ச்சலும்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகர முதியோர் இல்லத்துப் பின்னேர வேலைக்குப் புறப்படுமுன், மகள் சாரங்கிக்கு யோகமலர் எழுதிய சீட்டு வழக்கம்போல் சாப்பாட்டில்தான் தொடங்கியது.

"புட்டும் மீன்குழம்பும் அடுப்படியில இருக்கு. சூடாக்கிச் சாப்பிடு."

பேனை அங்கே நின்றது. பிறகு தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

"வேலையிடத்தில விருந்தெண்டு சொல்லி வெள்ளிக்கிழமை என்னட்டைப் பீச் கொப்ளர் செய்விச்சாய். நானும் பீச் பழமெல்லாம் தோலுரிச்சு, மேல போட்ட மா பொன்னிறமாகுமட்டும் ஓவனுக்கு முன்னாலயே நிண்டனான். இண்டைக்குக் காலமை ஒரு டெனிஷ்காரி கொப்ளர் செய்த கண்ணாடிச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்து தந்தா. மிக்கலின்ர தாயாம். தன்ர மகனும் நீயும் மோதிரம் மாத்தின விருந்தில என்ர கொப்ளர்தான் முதல் முடிஞ்சதாம். என்னைக் கட்டிப்பிடிச்சு வாழ்த்துச் சொன்னா. என்ர பிள்ளையின்ர நிச்சயதார்த்தத்துக்குப் பலகாரம் செய்தது நான். தெரியாததும் எனக்கு மட்டும்தான்.

சட்டி மேல்தட்டில இருக்கு. இனி அதை என்னட்டைத் தராதை."

பெயர் எழுதாமலே சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சப்பாத்து மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"எனக்குக் காய்ச்சல், அதாலதான் வரேல்லை எண்டு அவையளுக்குச் சொன்னியாம். இப்ப சுகமோ எண்டு அவ கேட்டா. உன்னைப் பொய்க்காரியாக்க மனம் வரேல்லை. நான் இருமிக் காட்டினன்."